சொல்லறிவும் சொல்லாட்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக எழுதி, எதிரே ஒவ்வொரு தமிழ்ச் சொல்லைக் குறித்து, இரவு பகலாக உருப்போடும் மாணாக்கர் பலருக்கு இப்பழமொழி நன்கு பொருந்தும். அவர்கள் உழைப்பிற் குறைந்தவர் அல்லர். நூறு சொற்களை ஒரு கிழமையில் மனனஞ்செய்து ஒப்புவிக்க வல்லவர்கள். ஆயினும், அந்நூறு சொற்களுள் ஒன்றையேனும் ஒரு கடிதத்தில் எடுத்தாள முற்படும்போதுதான் இடர் நேர்கின்றது.

இளைஞர் ஒருவர் உத்தியோகம் வேண்டி விண்ணப்பம் எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்க. தம் பாட்டனார் அவ்வூரிற் பேர்பெற்ற வைத்தியர் என்பதைக் குறிப்பிட விரும்புகின்றார். 'பேர்பெற்ற' என்பதற்கு நேராக அவருடைய பட்டியலில் 'நொட்டோரியஸ்' என்ற சொல் இருக்கின்றது, அதனை எழுதுகின்றார். தாம் மேலதிகாரிகளிடம் பணிவுடன் நடப்பவர் என்பதையுங் கூற எண்ணுகின்றார். பணிவுக்கு நேரே 'ஒப்சீக்குவியஸ்' என்றிருக்கின்றது, அதனையும் எழுதிவிடுகின்றார். விண்ணப்பத்தைப் படிப்பவர் அறிந்துகொள்வது யாது? பாட்டனார் தீய காரியங்களால் ஊரறிந்தவர். பேரனோ கூழைக்கும்பிடு போடுபவர் என்பதே. எழுதியவர் ஒரு பொய்யும் எழுதவில்லை, எழுத்துப்பிழையும் விடவில்லை. பட்டியல் அவரைக் கைவிட்டது, அவ்வளவே.

இவ்விடர் எதனால் நேர்கின்றது, இதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை ஆராயுமிடத்து, அகராதி என்னும் கருவி வளர்ந்த வரலாறே விடை தருகின்றது.

தமிழருக்குச் சொற்றொகை புதியதன்று. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்தனர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுள் வடிவில் அவை தொகுத்துத் தந்தன. 1732 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றி, சொற்களை அகர வரிசையிற் காணும் முறைக்கு வழிகோலினார். யாழ்ப்பாணத்திலே 1842 ஆம் ஆண்டில் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. உடுவிலிற் பணியாற்றிய அமெரிக்க மிஷனரியாகிய மிரன் வின்சுலோ, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862 ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்டார்.

நிகண்டு கற்ற பிள்ளைக்கு அது பயன்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அப்பிள்ளை தமிழைத் தாய்மடியிற் கேட்டு வளர்ந்தது. எச்சொல் எவ்விடத்திற் பொருந்தும், எது வசை, எது வாழ்த்து என்பவற்றை அதன் செவி முன்னரே அறிந்திருந்தது. நிகண்டு தந்தது சொற்பெருக்கம் மட்டுமே. சொல்லாட்சியை வீடும் வீதியும் தந்தன. ஆங்கிலத்தைப் பாடசாலையில் மட்டும் கற்கும் பிள்ளைக்கு அந்த வீடும் இல்லை, வீதியும் இல்லை. ஆகவே நிகண்டு முறையை அப்படியே ஆங்கிலத்துக்குப் பெயர்த்து நடுவது பயன்தராது.

ஆங்கிலேயர்தாமும் தொடக்கத்திற் பட்டியல் முறையையே கையாண்டனர். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து அருஞ்சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்த காலத்தில், 1604 ஆம் ஆண்டில், ரொபேர்ட் கோட்ரி என்பவர் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களைத் தொகுத்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி அதுவே எனப்படுகின்றது. ஒவ்வோர் அருஞ்சொல்லுக்கும் எளிய சொற்கள் இரண்டொன்று பொருளாகத் தரப்பட்டன. எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவும் இல்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1755 ஆம் ஆண்டில், சாமுவேல் ஜோன்சன் தம் பேரகராதியை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 42,000க்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருந்தன. அதன் உண்மையான புதுமை வேறோரிடத்தில் இருந்தது. நல்லாசிரியர் நூல்களிலிருந்து 1,00,000க்கு மேற்பட்ட மேற்கோள்களை எடுத்து, இச்சொல்லை இன்னார் இவ்வாறு ஆண்டனர் என அவர் காட்டினார். சொல்லின் பொருளை அகராதிகாரர் கட்டளையிடுவதில்லை. எழுதுவோரும் பேசுவோரும் அதனை ஆளும் முறையிலிருந்தே பொருள் பிறக்கின்றது என்னும் உண்மை அம்முறையில் அடங்கியிருந்தது.

ஆனால் ஜோன்சனிடத்தும் ஒரு குறை இருந்தது. வலைப்பின்னல் என்று பொருள்படும் 'நெட்வேர்க்' என்னும் எளிய சொல்லுக்கு அவர் வரைந்த விளக்கத்தில் 'ரெட்டிக்குலேட்டட்', 'டெக்கசேட்டட்', 'இன்டர்ஸ்ரிசஸ்' என்னும் கடுஞ்சொற்கள் மூன்று வருகின்றன. மீன்பிடிவலையைக் கண்ணாற் கண்ட சிறுவனும் அவ்விளக்கத்தைப் படித்தபின் வலை என்பது யாதென மயங்குவான். விளக்கம் விளக்கப்படுவதிலும் அரிதாயிருத்தல் கூடாது என்பதற்கு இதுவே அறிஞர் காட்டும் உதாரணமாயிற்று.

அடுத்த பெருமுயற்சி 1857 ஆம் ஆண்டில் இலண்டன் மொழியாராய்ச்சிக் கழகத்தில் முளைத்தது. ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத்தில் முதன்முதல் தோன்றிய காலந்தொட்டு எவ்வாறு வழங்கி வந்தது என்பதை மேற்கோள்களால் நிறுவும் அகராதி ஒன்று வேண்டும் என அக்கழகத்தார் துணிந்தனர். 1879 இல் ஜேம்ஸ் மறே அதன் பதிப்பாசிரியரானார். பல நாடுகளிலிருந்தும் ஊதியம் பெறாத வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைச் சிறு தாள்களிற் பெயர்த்தெழுதி அனுப்பினர். மறே தகரக் கொட்டகை ஒன்றில் மாடக்குழிகள் அமைத்து அத்தாள்களை அடுக்கினார். முதற்பகுதி 1884 இல் வெளிவந்தது. முழு நூலும் 1928 இலேயே நிறைவெய்தியது. மறே 1915 இற் காலமாகிவிட்டார். ஒக்ஸ்போர்ட் பேரகராதி எனப்படும் அந்நூலில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும், ஏறத்தாழ 18 இலட்சம் மேற்கோள்களும் இடம்பெற்றன.

அவ்வகராதியின் உதவியால் ஒரு சொல்லின் வாழ்க்கையையே காணலாம். 'மெட்டிக்குலஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. அச்சத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலத்திற் புகுந்தபோது அஞ்சி நடுங்குபவனைச் சுட்டியது. பின்னர், தவறு நேர்ந்துவிடுமோ என்றஞ்சி அற்ப விஷயங்களிலும் அளவுகடந்து கவனஞ் செலுத்துபவனைக் குறித்தது. இன்றோ, நுணுக்கமாகவும் பிழையின்றியும் காரியமாற்றுபவரைப் பாராட்டும் சொல்லாக நிலவுகின்றது. மேலே கண்ட 'ஒப்சீக்குவியஸ்' இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. பின்தொடர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து தோன்றி, ஒருகாலத்திற் கீழ்ப்படிதல் என்னும் நற்பண்பைக் குறித்த அச்சொல், இன்று போலிப்பணிவை இகழும் சொல்லாயிற்று. வேர்ச்சொல்லை அறிதல் நினைவுக்குத் துணைபுரியும். இன்றைய பொருளுக்கு அது சாட்சியாகாது. சாட்சி சொல்ல வல்லவை இன்றைய வாக்கியங்களே.

இத்தகைய பேரகராதி அறிஞர்க்கு உரியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத சிறுவனுக்கு உரிய அகராதி வேறு. அதற்கான எண்ணம் பெருமளவிற் கீழைத்தேசங்களிலேயே கருக்கொண்டது. வங்காளத்தில், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் அதிபராக இருந்த மைக்கேல் வெஸ்ட், அங்குள்ள பிள்ளைகளின் நிலையைக் கூர்ந்து நோக்கினார். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய பிள்ளைகளுட் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே பாடசாலையை விட்டு நீங்கினர். இடையில் நின்ற பிள்ளைக்கு அதுவரை கற்றதனால் என்ன பலன் என்பதே அவர் எழுப்பிய வினா. ஆயுட் காப்புறுதியை இடையில் நிறுத்துபவனும் கட்டிய பணத்துக்கேற்ப ஒரு தொகையைத் திரும்பப் பெறுகின்றான்; மூன்றாண்டு ஆங்கிலம் கற்று நின்றவன் மட்டும் வெறுங்கையுடன் வீடு திரும்புவதோ? ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் அவ்வாண்டுக்குரிய பயன் கையில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின்படி, மிகுதியாக வழங்கும் சொற்களை முதலிற் கற்பித்து, அச்சொற்களால் மட்டுமே ஆன வாசகங்களை அவர் எழுதினார். 1935 இல் எண்டிகொற் என்பாருடன் சேர்ந்து ஓர் அகராதியையும் வெளியிட்டார். அதன் விளக்கங்கள் யாவும் 1,490 எளிய சொற்களுள் அடங்கின. அச்சொற்களை அறிந்த பிள்ளை எஞ்சிய அனைத்தையும் தானே அறிந்துகொள்ளலாம். ஜோன்சனின் வலையிற் சிக்கிய வாசகனை விடுவித்த வழி இதுவே. வெஸ்ட் 1953 இல் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் பின்வந்த நூலாசிரியர் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

யப்பானிலே மற்றொரு முயற்சி நிகழ்ந்தது. ஹரல்ட் பாமர் 1922 இல் அந்நாட்டுக் கல்விப் பகுதியின் ஆலோசகராகத் தோக்கியோ சென்றார், ஏ. எஸ். ஹோர்ன்பி 1924 இல் ஆசிரியராகச் சென்று, பின்னர் அவருடன் இணைந்து உழைத்தார். ஹோர்ன்பியும் தோழர் இருவரும் தொகுத்த அகராதி 1942 இல் தோக்கியோவில் அச்சேறியது. 1948 இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் அதனை மறுபடியும் வெளியிட்டது. இன்று மேல்வகுப்பு மாணாக்கர் கையிற் காணப்படும் ஒக்ஸ்போர்ட் பயில்வோர் அகராதியின் மூலம் இதுவே.

சொல்லின் பொருளோடு நில்லாது, அச்சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கும் முறையையும் கூறியமையே அவ்வகராதியின் தனிச்சிறப்பு. எண்ணப்படும் பெயர்ச்சொல் எது, எண்ணப்படாதது எது என்று அது குறித்தது. தமிழில் 'அறிவுரைகள்' என்று பன்மையிற் கூறலாம். ஆங்கிலத்தில் 'அட்வைஸ்' என்பது அப்பொருளிற் பன்மை விகுதி ஏலாது. தளபாடத்தைக் குறிக்கும் 'பேர்னிச்சர்' என்பதும் அத்தகையதே. வினைச்சொற்கள் எவ்வெவ் வாய்பாட்டில் அமையும் என்பதையும் அது காட்டியது. 'போகும்படி அறிவுரை கூறினார்', 'போகும்படி யோசனை கூறினார்' ஆகிய இரண்டும் தமிழில் ஒரே அமைப்பின. ஆங்கிலத்தில் முன்னையதற்குரிய 'அட்வைஸ்' என்னும் வினை அவ்வமைப்பை ஏற்கும். பின்னையதற்குரிய 'சஜெஸ்ட்' ஏலாது. இவ்வேறுபாட்டை எந்தப் பட்டியலும் சொல்லித்தராது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று சொல்லாமற் சொல்லிவிடும்.

ஆகவே நல்லகராதி ஒன்றில் இரு பகுதிகள் இணைந்து தொழிற்படுகின்றன. ஒன்று வரைவிலக்கணம், மற்றது எடுத்துக்காட்டு. வரைவிலக்கணம் காணிக்கு வேலி போன்றது. இச்சொல்லின் எல்லை இதுவரை என்று வகுக்கின்றது. எடுத்துக்காட்டோ அக்காணியில் எது விளையும் என்பதைக் காட்டுகின்றது.

'ரெட்டிசென்ட்' என்னும் சொல்லைக் காண்போம். தன் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் பிறரிடம் எளிதில் வெளியிடாத இயல்புடையவர் என்பது அதன் வரைவிலக்கணம். இதனை, மனமின்றித் தயங்குதல் என்னும் பொருளுடைய 'ரிலக்டன்ட்' என்பதனுடன் பலர் மயக்குகின்றனர். வரைவிலக்கணத்தைக் கூர்ந்து படிப்பின் மயக்கம் நீங்கும். முன்னையது பேச்சைப் பற்றியது, பின்னையது செயலைப் பற்றியது. இனி எடுத்துக்காட்டுகளை நோக்குக. 'தம் இளமைக்கால வறுமையைப் பற்றி அவர் ரெட்டிசென்ட் ஆக இருந்தார்.' 'மழையிற் புறப்பட அவர் ரிலக்டன்ட் ஆக இருந்தார்.' இவ்விரு வாக்கியங்களையும் ஒருமுறை எழுதிப்பார்த்தவர் இரு சொற்களையும் பின்னொருகாலும் மாற்றி வழங்கார்.

எடுத்துக்காட்டு தரும் இன்னொரு பயன், ஒரு சொல் எவ்வெச் சொற்களோடு உறவாடும் என்பதை அறிவித்தலாகும். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறிதல் வேண்டும் என்பது ஆங்கில மொழியியலறிஞர் பேர்த் 1957 இல் வற்புறுத்திய கருத்து. சாயம் மிகுந்த தேநீரை ஆங்கிலேயர் 'ஸ்ட்ரோங்' என்பர். அதே வலிமைப் பொருளுடைய 'பவர்புல்' என்னுஞ் சொல்லைத் தேநீருடன் சேர்ப்பதில்லை. பெருமழையை 'ஹெவி' என்பர், 'ஸ்ட்ரோங்' என்னார். காரணம் கேட்பின், அதுவே வழக்கு என்பதன்றி வேறு விடை இல்லை. தமிழிலும் மழை 'பெய்கின்றது', பனியும் 'பெய்கின்றது', வெயிலோ 'எறிக்கின்றது' அல்லது 'காய்கின்றது'. வெயில் பெய்கின்றது என்பாரைக் கேட்டு நகைக்கும் தமிழர், தாம் ஆங்கிலத்தில் வெயிலைப் பெய்விக்காதிருக்க வேண்டுமன்றோ?

இக்கருத்தின் வழியில், பேர்மிங்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் சின்கிளேயர் கணனியில் இலட்சக்கணக்கான சொற்கள் கொண்ட வாசகங்களைத் திரட்டி, 1987 இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் வரைவிலக்கணமும் முழுவாக்கியமாகவே அமைந்தது. ஒருவரை இச்சொல்லாற் குறித்தால் அவர் இத்தகையவர் என்பது பொருள் என்ற பாங்கில் அது சென்றது. வேலியும் விளைவும் ஒருங்கே காணப்பட்டன.

வரைவிலக்கணம் அரைகுறையாக நினைவிலிருப்பின் நேரும் குறைக்கு இலங்கையோடு தொடர்புடைய சொல் ஒன்றே சான்று. அராபியரும் பாரசீகரும் இலங்கையைச் செரண்டிப் என்றழைத்தனர். செரண்டிப் இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதை ஒன்றை நினைவிற்கொண்டு, ஹொரஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754 ஆம் ஆண்டு சனவரி 28 இல் எழுதிய கடிதம் ஒன்றில் 'செரண்டிப்பிட்டி' என்னும் சொல்லைப் படைத்தார். இன்று பலர் அதனை வெறும் அதிர்ஷ்டம் என்றே எண்ணுகின்றனர். வால்போல் கருதியது அதுவன்று. அவ்விளவரசர்கள் தாம் தேடாதவற்றைக் கண்டறிந்தது தற்செயலால் மட்டுமன்று; கூரிய மதியாலும் ஆகும். லொத்தர்ச் சீட்டிற் பரிசு விழுதல் செரண்டிப்பிட்டி ஆகாது. 1928 இல், நுண்ணுயிர் வளர்த்த தட்டில் தற்செயலாகப் பூஞ்சணம் படிந்ததைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், அதனைக் கழுவி எறியாது, பூஞ்சணத்தைச் சுற்றி நுண்ணுயிர்கள் அழிந்திருந்ததை உற்றுநோக்கிப் பெனிசிலினைக் கண்டறிந்தமையே செரண்டிப்பிட்டி. இவ்வோர் எடுத்துக்காட்டை நினைவில் வைத்தவர்க்கு வரைவிலக்கணத்தின் இரு கூறுகளும் மறவா.

இனி, கற்போர் கைக்கொள்ளத்தக்க முறை யாது? முதலாவது, சொல்லைப் பட்டியலிற் தேடாது வாசிப்பிற் சந்தித்தல் வேண்டும். ஒரு பக்கத்திலுள்ள நூறு சொற்களுள் தொண்ணூற்றெட்டேனும் தெரிந்திருந்தாலே துணையின்றிப் பொருள் விளங்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஆதலின் வரிக்கு வரி அகராதியை நாடவைக்கும் நூலைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, எளிய நூலை எடுத்தலில் இழுக்கில்லை.

இரண்டாவது, புதுச்சொல் எதிர்ப்பட்டவுடன் சூழலைக்கொண்டு அதன் பொருளை ஊகித்துப் பின்னரே அகராதியைத் திறத்தல் வேண்டும். ஊகம் தவறாயினும் கேடில்லை. திருத்தப்பட்ட தவறு நெடுநாள் நினைவில் நிற்கும். கைத்தொலைபேசியிலேயே அகராதி கிடைக்கும் இக்காலத்தில், முதலிற் தோன்றும் ஒற்றைத் தமிழ்ச்சொல்லோடு அமைந்துவிடாது, ஆங்கில விளக்கத்தையும் இரண்டு மூன்று வாக்கியங்களையும் படித்தல் அவசியம்.

மூன்றாவது, கொப்பி ஒன்றில் அச்சொல்லையும், விளக்கத்தைத் தம் சொந்த வார்த்தையிலும், அகராதி தந்த வாக்கியம் ஒன்றையும், தம் வாழ்க்கையோடு தொடர்புடைய வாக்கியம் ஒன்றையும் எழுதுதல் வேண்டும். இந்நான்காவது வரியே உயிர்நாடி. தம் ஊர்ச் சந்தையையும், தம் அயலவரையும், தம் வகுப்பறையையும் வைத்து எழுதிய வாக்கியமே சொல்லைத் தமதாக்கும். அதனை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுதல் அதனினும் நன்று.

நான்காவது, மீட்டல். ஜெர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனனஞ்செய்தவற்றுட் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே மறந்துபோகின்றது. பின்னர் மறதி மெதுவாகின்றது. ஆகவே ஒரே இரவில் ஐம்பது முறை படிப்பதிலும், மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த கிழமை, அடுத்த மாதம் என இடைவெளிவிட்டு மீட்டல் சிறந்தது. மீட்கும்போது விளக்கத்தைக் கையால் மறைத்து, தாமே கூற முயலுதல் வேண்டும்.

எத்தனை சொற்கள் கற்பது என்று மலைப்பவர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. நியூசிலாந்து அறிஞர் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அடிப்படைச் சொற்கள் இரண்டாயிரத்துக்கு அப்பால், எல்லாத் துறை நூல்களிலும் பரவலாக வரும் சொற்குடும்பங்கள் 570 ஐத் தெரிந்தெடுத்தார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களுள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அவையே. நாளொன்றுக்கு இரண்டாகக் கற்பினும் அவை ஓராண்டுள் அடங்கிவிடும்.

இலங்கையிற் தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்று, மருத்துவமோ பொறியியலோ பயிலப் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர், ஆங்கிலத்தில் அமைந்த நூல்களையும் விரிவுரைகளையும் எதிர்கொள்கின்றனர். பாடத்தில் வல்லவர் சிலர், சொல்லிற் தடுக்கி, கேட்கவேண்டிய வினாவைக் கேளாது வாய்மூடி இருந்துவிடுகின்றனர். அவர்க்கு வேண்டியது மிடுக்கான சொற்களின் பட்டியல் அன்று. தாம் கருதியதைக் கருதியவாறே கூறும் ஆற்றல். அந்த விண்ணப்பம் எழுதிய இளைஞர், தம் பாட்டனாரைக் குறிக்க, சிறந்தவர் என்னும் பொருளுடைய 'எமினென்ட்' என்பதை ஒரு நல்ல வாக்கியத்திற் கண்டு பழகியிருந்தால், அம்முதியவரின் நற்பெயர் பேரனின் கையால் மாசுபட்டிராது.

அரிய சொல்லைக் கற்பது பிறரை வியப்பிக்க அன்று. எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லே சிறந்தது. எளிய சொல் எட்டாத நுண்பொருளை எட்டுவதற்காகவே அரிய சொல் பிறந்தது. அதன் எல்லையை வரைவிலக்கணத்தாலும், அதன் இயல்பை வாக்கியத்தாலும் அறிந்து ஆள்பவரிடத்தே அது பணிசெய்யும்.